பெனிஷாவின் டெஃபனட்டா

ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரை ஒரு தட்டு தட்டினான் டேவிட்சன். பெனிஷா பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"சொல்லிட்டனா?"

அவன் தலையசைத்தான்.

"எனக்குத் தெரியவே மாட்டேங்கு அத்தான். நாக்கு தன்னால போகுது." கையிலிருந்த அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். உங்கள் கால் புண் டெஃபனட்லி ஆறிவிடும் என்று சொல்லக் கூடாது. புண் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். ஆனால் குரலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. ஆறாத புண்ணோடு எதிரில் உட்கார்ந்திருந்த டேவிட்சனுக்கு, முதலில் சொன்னபோதுதான் கால் சற்று லேசானது போல இருந்தது.

முத்தையாபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் சில வாரங்களாகச் சாயங்காலம் தோறும் இது நடந்துகொண்டிருந்தது. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல் நடத்திப் பெனிஷாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. வெளிநாடு போகிற நர்சுகளுக்கான ஆங்கிலப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அந்தப் பரீட்சையில் ஒருவர் நோயாளியாக எதிரில் வந்து உட்காருவார். அட்டையில் உள்ள சங்கதியை வைத்து ஐந்து நிமிஷம் அவரோடு பேச வேண்டும். பழகிப் பார்ப்பதற்கு நோயாளி வேண்டுமே, அதற்குத்தான் டேவிட்சன். இடுப்பெலும்பு முறிந்த கிழவியாக, குடியை விட முடியாத தச்சராக, இழுப்பு வரும் குழந்தையின் தாயாக எல்லாம் அவன் இருந்து பார்த்துவிட்டான். தாயாக இருந்த அன்று அவனுடைய மீசையைப் பார்த்துப் பெனிஷா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கோட்டயத்திலிருந்து போனில் பாடம் நடத்தும் ஷைனி மிஸ்தான் அந்தத் தட்டுகிற யோசனையைச் சொன்னது. பெனிஷாவின் ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சுக்கு மூச்சு டெஃபனட்லி என்கிறாள், அது மார்க்கைத் தின்றுவிடும், வீட்டில் யாராவது ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் எழுப்பினால் நாக்குக்கு உறைக்கும் என்றார். டேவிட்சன் ஸ்பூனை எடுத்தான். முதல் வாரம் டம்ளர் கோயில் மணி போல ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு இடைவெளி நீண்டது. இப்போதெல்லாம் தட்டுவதற்கு வாய்ப்பே அபூர்வமாகத்தான் கிடைத்தது.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்கும். பெனிஷாவின் வாயில் அது ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. காய்கறி வண்டிக்காரரிடம் "இது டெஃபனட்டா நேத்தக் கத்திரிக்கா" என்றால் விலையைக் குறை என்று அர்த்தம். சாத்தான்குளத்திலிருந்து அவளுடைய அம்மா போனில் அழைத்து, இந்த வாரமாவது வருவாயா என்று கேட்கும்போது "டெஃபனட்டா வாரேம்மா" என்றால் வரப்போவதில்லை என்று அர்த்தம். அது அம்மாவுக்கும் தெரியும், சரி சரி என்று வைத்துவிடுவாள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது அதற்கு அர்த்தம் என்று ஒன்று கிடையாது. போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிடுவது போல வெறும் வெதுவெதுப்புதான். கோபத்தில் சொன்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். தூக்கத்திலும் ஒருமுறை சொன்னாள். கனவில் யாருக்கு எதை உறுதி சொன்னாள் என்று காலையில் கேட்க வேண்டுமென்று நினைத்திருந்தான். கேட்கவில்லை. கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவை அவனிடம் நிறையச் சேர்ந்திருந்தன.

அவன் வளர்ந்த வீட்டில் நாளை என்பதைப் பற்றி யாரும் நேராகப் பேசியதில்லை. அப்பா ஜேசுபாதம் நாசரேத்தில் கணக்கு வாத்தியார். இரண்டும் இரண்டும் நாலு என்பதை மட்டும்தான் அவர் தயக்கமில்லாமல் சொல்லியிருப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் "கர்த்தருக்குச் சித்தமானால்" வந்துவிடும். கர்த்தருக்குச் சித்தமானால் நாளைக்குப் பரீட்சை என்று வகுப்பில் சொல்வார். கர்த்தருக்குச் சித்தமாகாமல் இருக்கட்டும் என்று பையன்கள் வேண்டிக்கொள்வார்கள். இராத்திரி தோசையா இட்லியா என்று அம்மா கிருபாபாய் கேட்டாலும் அதே பதில்தான். "தோசைக்குமா ஆண்டவரோட சித்தம்? மாவு எங்கிட்ட இருக்கு, வாயத் தெறந்து சொல்லுங்க" என்று அம்மா கத்துவாள். கத்தினாலும் அவளும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பது போல, அந்த வீட்டில் ஒவ்வொரு நாளின் மேற்புறத்திலும் அந்த வார்த்தை இருந்தது. டேவிட்சன் வளர்ந்து வேறு ஆளான பிறகு கர்த்தரின் பெயர் உதிர்ந்துபோய் அது வெறும் "பாப்போம்" என்று ஆனது. எதைக் கேட்டாலும் பாப்போம். அதற்கும் வாய் வராவிட்டால் மௌனம்.

அதனால்தான் சாத்தான்குளத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று அவனுக்கு அப்படி ஆனது. பெரியவர்கள் கீழே மிக்சரும் காப்பியுமாக உட்கார்ந்திருக்க, பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நடுப்பகல். நிழல் என்று இருந்தது தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும்தான். அதற்குள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அவள் ஐதராபாத்தில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவனுக்குப் பேச ஒன்றும் வரவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் படியிறங்கப் போகும் நேரத்தில், "ஒங்களுக்கு இஷ்டம்தானா?" என்று மட்டும் கேட்டான். "டெஃபனட்டா" என்றாள் பெனிஷா. சத்தமாக, தலையை நிமிர்த்தி. அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவனிடம் அதுவரை சொன்னதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வேனின் ஜன்னலோரம் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வருவது போல வந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நாட்கள், குழந்தை இல்லாத வீட்டின் நீண்ட ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், அவள் தூங்கிக்கொண்டிருக்க அவன் விழித்திருக்க, அந்த வார்த்தை தரையில் ஒரு வெயில் துண்டாக வந்து படுத்திருக்கும்.

ஷைனி மிஸ் பாடம் நடத்திய ஒரு மாலை அந்த வெயில் நகர்ந்துவிட்டது. டேவிட்சன் அடுக்களையில் சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். முன்னறையிலிருந்து போனின் ஒலிபெருக்கி வழியாக மிஸ்ஸின் குரல் வந்தது. ஆங்கிலமும் மலையாளம் கலந்த தமிழுமாக அவர் சொன்னதன் சாரம் இதுதான். யோசித்துப் பாருங்கள், மிளகாய் டெஃபனட்லி காரமாக இருக்கும் என்று யாராவது சொல்கிறார்களா? நாளைக் காலையில் டெஃபனட்லி விடியும் என்று சொல்கிறார்களா? சந்தேகம் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. சந்தேகம் வந்து வாசலில் நிற்கும்போதுதான் நாம் அதைக் கூப்பிடுகிறோம். நோயாளிக்கு அது தெரியும். டெஃபனட்லி என்று நீங்கள் அழுத்திச் சொன்னதும், ஓகோ, இவளுக்கே நிச்சயமில்லை என்று அவன் கண்டுகொள்வான்.

பெனிஷா சிரித்தாள். "கரெக்ட்தான் மிஸ்" என்றாள். டேவிட்சனின் கை மீனின்மேல் அப்படியே நின்றது. விரல்களில் ஒட்டியிருந்த செதில்கள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. அப்படியானால் அன்று தண்ணீர்த் தொட்டி நிழலில்?

அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்கிய நேரம் சரியில்லை. ஏனென்றால் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பெனிஷா அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள். "நான் போனா நீங்களும் வருவியல்லா?" முதலில் அவள் போய் வேலையில் சேர்ந்து, வீடு பார்த்து, பிறகு அவனை அழைத்துக்கொள்ளலாம். அதற்கு வழி இருந்தது. அவன் வழக்கம்போல "பாப்போம்" என்றான். அவள் விடவில்லை. "நீங்க வாரதா இருந்தாத்தான் நான் போவேன். இல்லன்னா இந்தப் பரீட்சையே எனக்கு வேண்டாம். சனிக்கிழம பரீட்ச. வெள்ளிக்கிழம காலைல நான் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுததுக்குள்ள சொல்லிருங்க. பாப்போம்னு மட்டும் சொல்லாதிய."

வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தான். ஊரை விடுவது அவனுக்குப் பெரிய காரியமில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா நாசரேத்தில் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஆனால் மீன் செதில் எடுத்த அந்த மாலைக்குப் பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று மாடியில் அவளுக்குச் சந்தேகம் இருந்திருந்தால், இத்தனை வருஷமும் அவள் தன்னைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாளா? இப்போது தூரதேசத்துக்கும் இந்தப் பேசாத மனிதனை இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று கடமைக்குத்தான் கேட்கிறாளா? வரவில்லை என்று தான் சொன்னால் அவள் முகத்தில் முதலில் எது தெரியும், வருத்தமா, விடுதலையா? கேட்டால் டெஃபனட்டா வரணும் என்பாள். அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று இனி எப்படித் தெரியும்?

டேவிட்சன் துறைமுகத்தில் பைலட் படகின் சுக்கானி. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை உள்ளே வழிநடத்திக் கொண்டுவரும் பைலட்டுகளைக் கப்பலோரம் கொண்டுபோய் விடுவதும், வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்வதும் அவன் வேலை. புதன்கிழமை காலை ஒரு நிலக்கரிக் கப்பலில் பைலட்டை ஏற்றிவிட்டு, அடுத்த கப்பலுக்குச் சொல்லும்வரை, முயல் தீவுக்கு அப்பால் படகை மெதுவாக மிதக்க விட்டிருந்தான். காற்று இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் வெள்ளையாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே கோடு அழிந்துபோயிருந்தது. தூரத்தில் நின்ற கப்பல்கள் தண்ணீரில் இல்லாமல் சற்று மேலே தொங்கிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தன. ஒரு கப்பலுக்கு அடிப்பாகமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தான் விழித்திருக்கிறோமா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது.

கயிறு பிடிக்கும் அய்யாக்குட்டி அண்ணாச்சி தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோற்றையும் சுண்டவத்தலையும் வெளியில் எடுத்தார். ரிட்டயர் ஆகப் போகிறவர். சும்மா இருந்தால் அவருக்கு வாய் வலிக்கும்.

"ஏலே டேவிட்டு, அயர்லாந்துங்கது எங்கனல இருக்கு?"

"இங்கிலாந்துக்குப் பக்கத்துல அண்ணாச்சி."

"கடல் உண்டா?"

"சுத்திலும் கடல்தான்."

"பொறவு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பொண்டாட்டி சம்பாதிக்கப் போறா, நீ கம்பளியப் போத்திக்கிட்டு ரொட்டி திங்கப் போற. அந்தக் குடுப்பினைக்கு நான்லாம் எத்தன கோயில்ல மொட்ட போட்டிருக்கேன். கெடச்சது இந்தச் சுண்டவத்தல்தான்."

டேவிட்சன் சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு, கப்பல்களைப் பார்த்தபடியே சொன்னான். "அவளுக்கு நான் வரணும்னு நெசமாவே இருக்கான்னு தெரியல அண்ணாச்சி."

"கேளு."

"கேட்டா டெஃபனட்டாம்பா."

"அப்ப சரியாப் போச்சுல்லா?"

"அதான் சரியாப் போகல."

அய்யாக்குட்டி சோற்றுக் கையோடு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில் ஏறதுக்கு முன்னாலயே ஒனக்குக் கிறுக்கு ஏறிட்டு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் இறங்கினார். வயர்லெஸ் கரகரத்தது. டேவிட்சன் சக்கரத்தைத் திருப்பினான். அடிப்பாகமில்லாத அந்தக் கப்பல் நெருங்க நெருங்கக் கீழே இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பயிற்சி. பெனிஷா அன்று ஆஸ்பத்திரியில் லீவு போட்டிருந்தாள். பகல் முழுக்கத் துணி மடிப்பதும் அட்டைகளைப் புரட்டுவதுமாக இருந்தாள். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் அது வீடு முழுவதும் தெரிந்தது. விளக்குப் போடும் நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அட்டைக் கட்டிலிருந்து ஒரு ஜோடியை உருவி, நோயாளிக்கான அட்டையை அவனிடம் கொடுத்தாள். பக்கவாதம் வந்து தேறிய பெரியவர். மனைவி அவரை மகள் இருக்கும் ஊருக்கு அழைத்துப் போக நினைக்கிறாள். அவருக்குப் போக மனமில்லை. யாருக்கும் பாரமாகிவிடுவோமா என்று நர்சிடம் கேட்கிறார். போனில் ஐந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்து, அதை இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள் பெனிஷா.

டேவிட்சனின் ஆங்கிலம் துறைமுகத்து ஆங்கிலம். இலக்கணம் அங்கங்கே இடிக்கும். ஆனால் இந்தச் சில வாரங்களில் அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். தமிழில் வராத பேச்சு அதில் வந்தது. இரவல் சட்டை போட்டவனுக்குக் கசங்கிவிடுமே என்ற கவலை இருக்கலாம், கூச்சம் இருக்காது. அந்தச் சட்டையில் தன் ஊர்த் தெருவில்கூட அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது.

"நர்ஸ், நான் அந்த ஊருக்குப் போனால் பாரமாக இருப்பேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அது அட்டையில் இருந்தது.

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது ஐயா. எது உங்களை அப்படி நினைக்க வைக்கிறது?" அவளும் ஆங்கிலத்தில், பழகிய இதத்தோடு.

"என் மனைவி முன்பு ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னாள். அதை நம்பித்தான் இதுவரை இருந்தேன். சந்தேகம் உள்ளவர்கள்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன்." அது அட்டையில் இல்லை.

பெனிஷா தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அதில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது உறுதியானதும் அவனைப் பார்த்தாள். அவன் பார்வை தரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களின்மேல் இருந்தது.

"அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா ஐயா?" குரல் தணிந்திருந்தது. ஆனால் இன்னும் ஆங்கிலம்தான், இன்னும் நர்ஸ்தான்.

"மொட்டை மாடியில். ஒரு தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில்."

தெருவில் யாரோ மோட்டார் போட்டார்கள். அது உறுமி, தண்ணீர் ஏறத் தொடங்கி, சத்தம் சீரானது. அவள் அட்டையைக் கீழே வைத்தாள்.

"சந்தேகம் இருந்துச்சு அத்தான்" என்றாள் தமிழில். "கல்லு மாதிரி உக்காந்திருந்திய. ஒரு வார்த்த பேசல. இந்த மனுசனோட காலம் பூரா எப்பிடி இருக்கப் போறோம்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. எறங்கப் போற நேரத்துல, இஷ்டமான்னு கேட்டிய. அதுவர வந்து பாத்துட்டுப் போன ஒருத்தன்கூட எங்கிட்ட அதக் கேட்டதில்ல. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. சரின்னு சொல்லத் தைரியமும் இல்ல. அதான் அவ்வளவு சத்தமாச் சொன்னேன். கீழ எங்கப்பாவுக்கே கேட்டிருக்கும்."

அவன் தன் அட்டையையும் அவளுடையதன் பக்கத்தில் வைத்தான். பிறகு, "இப்ப?" என்றான்.

ஐந்து நிமிஷம் முடிந்து போன் மணியடித்தது. இருவரும் அதை அணைக்கவில்லை. அது தானாக அடித்து ஓய்ந்தது.

"இப்பன்னு நீங்க கேக்கிய. நான் கேட்டதுக்கு நீங்க பாப்போம்னு சொல்லி எத்தன நாளாச்சு? இன்னும் பாத்துக்கிட்டே இருக்கிய. அப்ப எனக்கு எப்பிடி இருக்கும்?" அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். குடத்தில் தண்ணீர் மோக்கிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

இரவல் சட்டையைக் கழற்றியவன் போல டேவிட்சன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் பயந்தபடி எதுவும் இடிந்து விழவில்லை. சந்தேகம் இருந்தது என்று அவள் சொன்னபோது அவனுக்கு ஏற்பட்டது வலியைவிட ஒரு வியப்புத்தான். அத்தனை சந்தேகத்தோடா வந்தாள்? பாயும் தலையணையும் தூக்கிக்கொண்டு, இந்த வீட்டுக்கு, இந்த மௌனத்துக்குள்? நாசரேத்துப் பக்கம் மழைக்காலத்தில் ஓடையின் குறுக்கே பனந்தடியைத் தூக்கிப் போடுவார்கள். இரண்டு கரையும் ஒட்டிக் கிடந்தால் தடி எதற்கு? தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் போட முடியும். அந்த வார்த்தையைத் தடியாகப் போட்டு, அதன்மேல் கால் வைத்து அவள் இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கிறாள். அவனோ இத்தனை வருஷமாக அதைத் தரை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். தன் பக்கத்திலிருந்து ஒரு சுள்ளியைக்கூட அவன் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே நாசரேத்திலிருந்து கிருபாபாய் வந்துவிட்டாள். மருமகளுக்கு வழிக்குச் சாப்பிட முறுக்கும், தொண்டை கட்டாமலிருக்கச் சுக்குக் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "ஏளா பெனிஷா, பேனா ரெண்டு வச்சிருக்கியா?" என்றாள். பேசுகிற பரீட்சை உண்டு என்று எத்தனை சொன்னாலும் பேனா இல்லாத பரீட்சையை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. புறப்படும் நேரம் வந்தது. பையை வாசலில் வைத்துவிட்டு மூவரும் நின்றார்கள். பயணம் போகிறவர்களை ஜெபம் பண்ணாமல் அனுப்புவதில்லை. ஜெபம் பண்ண வேண்டியது வீட்டு ஆண்பிள்ளை.

அவர்களைப் போன்ற குடும்பங்களில் ஜெபத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவர் காதில் போட்டால் பக்கத்தில் கண்மூடி நிற்பவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "ஆண்டவரே, அடுக்களைக் கூரை ஒழுகுறத இந்த மனுசருக்கு உணர்த்தும்" என்று கிருபாபாயே கணவருக்குக் கேட்கும்படி ஜெபித்த காலம் உண்டு. அடுத்த நாளே ஆள் வந்து ஓடு மாற்றினான். ஜெபத்துக்கு நடுவில் யாரும் மறுத்துப் பேச முடியாது, அதுதான் அதன் வசதி.

டேவிட்சன் கண்ணை மூடினான். உள்ளே கடல் புகைமூட்டம் போல ஒரே வெளுப்பு. வழக்கமான வாக்கியங்கள் முதலில் வந்தன. இந்தக் காலைக்காக ஸ்தோத்திரம். வழியில் சேதம் வராமல் காத்துக்கொள்ளும். எழுதுகிற கையையும் பேசுகிற நாவையும் ஆசீர்வதியும். அங்கே நின்றான். ஆமென் வரும் என்று காத்திருந்த இருவரும் அது வராததால் இன்னும் அசையாமல் நின்றார்கள். அம்மாவின் மூச்சு சற்று இழுத்து வந்தது.

"ஆண்டவரே, பெனிஷா அங்க போறா. நானும் அவ கூடப் போறேன்" என்றான். "அங்க எனக்கு என்ன வேல கெடைக்கும்னு தெரியல. அந்தக் குளுர் எனக்கு ஒத்துக்கிடுமான்னும் தெரியல. ஆனா போறேன். அவ இருக்க எடத்துல நானும் இருப்பேன்."

அம்மாவின் முழங்கை அவன் விலாவில் இடித்தது. "ஏலே, சித்தமானால்னு சேத்துக்க" என்று கிசுகிசுத்தாள்.

அவன் சேர்க்கவில்லை. வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டான். சற்றுப் பொறுத்துப் பார்த்த கிருபாபாய், அவன் விட்ட இடத்தைத் தானே நிரப்பினாள். "ஒமக்குச் சித்தமானால் ஆண்டவரே" என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு ஆமென் என்றாள். டேவிட்சனும் ஆமென் என்றான்.

"ஆண்டவருக்கே ஆர்டர் போடுதியால நீ?" கண்ணைத் திறந்ததும் அம்மா கேட்டாள். அதட்டலாகத்தான் கேட்டாள். ஆனால் முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலல்லா? ஆண்டவருக்குச் சொல்லும்போது பக்கத்துல நின்னு கேட்டுக்கிட வேண்டியதான் நானும்."

அவன் அம்மாவின் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை.

பெனிஷா ஆமென் சொல்லவில்லை. இன்னும் கண் மூடியபடி, பையின் வாரைப் பற்றிக்கொண்டு நின்றாள். வழக்கமாக மூவரில் அவள் ஆமென்தான் சத்தமாகக் கேட்கும். டேவிட்சன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் வருத்தமா விடுதலையா என்று தேடிப் பார்க்கத் தைரியமில்லாமல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவள், "ஹெல்மெட்ட எடுங்க அத்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

பைக்கில் பை இருவருக்கும் நடுவில் இருந்தது. அதன் கெட்டியான விளிம்பு அவன் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. கடைகள் முடிந்து உப்பளங்கள் தொடங்கின. சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதற்கப்பால் வெள்ளை அம்பாரங்கள், அவற்றின்மேல் போர்த்திய ஓலை. அவளைப் பேச வைக்கும் வழி அவனுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. சொல்லிவிட்ட பிறகு வரும் இந்த வெறுமை அவனுக்குப் புதிது. மாடியிலிருந்து இறங்கிய அன்று அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தான்.

"நிப்பாட்டுங்க" என்றாள் பெனிஷா.

எதையோ மறந்துவிட்டாள் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கினாள். பையைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து, பெட்ரோல் டேங்கின்மேல், அவன் நெஞ்சுக்கு எதிரே வைத்தாள். நழுவாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"ம்" என்றாள். "போங்க."

வண்டி நகர்ந்தது. சற்று தூரம் போனதும் அவன் முதுகில் ஒரு மெல்லிய அதிர்வு தொடங்கியது. அவள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறாள், பரீட்சைக்கான வாக்கியங்களாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். காற்றில் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. குரல் மட்டும் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிக் கேட்கத் தோன்றாமல் வலப்பக்கம் பார்த்தான். பாத்தித் தண்ணீரில் ஒரு பைக் தலைகீழாக அவர்களோடு ஓடி வந்தது, அதன்மேல் ஒட்டிக்கொண்ட இரண்டு பேர். வரப்பு வரும்போதெல்லாம் அது அறுந்து காணாமல் போயிற்று. அடுத்த பாத்தியில் மறுபடியும் கூடியது.